ஒரு புட்டி மூடியின் வழக்கு

பூச்சி மருந்துப் புட்டியின் தலையில் ஒரு குமிழ் இருக்கிறதல்லவா? விரலால் அழுத்தினால் 'புஸ்'ஸென்று மருந்தைப் பீச்சியடிக்கிறது. இதில் என்ன பிரமாதம் என்று கேட்காதீர்கள், சகோதரிகளே! அதன் மூடிக்காக அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் மல்லுக்கு நின்றன.

பம்பைப் பொருத்தியபடியே புட்டியை வெளியூருக்கு அனுப்பினால் வழியெல்லாம் மருந்து ஒழுகும். ஆகவே, புட்டிக்குச் சாதா மூடி போட்டு, பம்பைத் தனியாக ஓர் அட்டையில் மாட்டி அனுப்பி வந்தார்கள். அதிலும் சில உடையும். சில களவு போகும். குக் கெமிக்கல் கம்பெனியைச் சேர்ந்த ஸ்காக்கின் என்பவர் இதற்கு வழி கண்டார். பம்பை அழுத்திப் பிடித்து வைக்கும் ஒரு மேல்மூடி. அதன் உட்புறத்தில் கசிவைத் தடுக்கும் ஒரு விளிம்பு. அவ்வளவுதான்! 1959-ல் பேடண்ட் கிடைத்தது. அந்நாளில் அங்கே பேடண்ட் என்றால் 17 வருஷ ஏகபோகம்.

கால்மார் என்ற கம்பெனியும் அதே மாதிரி மூடி செய்தது. வழக்கு மூண்டது. எத்தனையோ பேர் தேடியும் கிடைக்காததை நாங்கள் கண்டோம் என்று வாதித்தது குக் கம்பெனி. கீழ்க் கோர்ட்டும் அப்பீல் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டன.

1966 பிப்ரவரி 21-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைப் புரட்டிவிட்டது. நீதிபதி டாம் கிளார்க் எழுதிய தீர்ப்பில் முக்கியமான கேள்விகள் மூன்று. முன்பே என்ன இருந்தது? புதியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? தொழிலில் சாதாரணத் தேர்ச்சி உள்ளவனுக்கு அது தானாகவே தோன்றியிருக்குமா?

கசிவைத் தடுக்கும் அந்த உபாயம், திரவத்தை ஊற்றும் மூக்கு வைத்த வேறொரு மூடியில் ஏற்கெனவே இருந்தது. அது ஊற்றும் மூடி, இது பீச்சும் மூடி என்ற வாதம் எடுபடவில்லை. மருந்தைப் பற்றிய பிரச்னையா இது? இறுக மூடுவதைப் பற்றிய பிரச்னைதானே! பேடண்ட் செல்லாமற் போயிற்று.

ஸ்காக்கினை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. கோலத்தைப் போட்டு முடித்த பிறகு புள்ளிக் கணக்கு யாருக்கும் சுலபம். அந்த மயக்கத்தில் விழுந்துவிடக் கூடாது என்று அதே தீர்ப்பு எச்சரிக்கவும் செய்தது. ஆனால், சின்னச் சின்ன மாறுதலுக்கெல்லாம் ஏகபோகம் கொடுத்துவிட்டால், அதற்கு விலை கொடுப்பது யார்? புட்டி வாங்கும் குடும்பந்தானே!

அந்தக் கேள்விகளை அமெரிக்கக் கோர்ட்டுகள் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அடுத்த முறை குமிழை அழுத்தும்போது, மூடியையும் ஒரு கணம் பாருங்கள்!