அளந்து பார்க்காத வீடுகள்: பென்சில்வேனியா ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்



பென்சில்வேனியாவில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு வீடுகளில் ரேடான் வாயு வரம்பை மீறி இருக்கிறது என்பது மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் மதிப்பீடு. அந்த வரம்பு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்தது: ஒரு லிட்டர் காற்றில் 4 பைக்கோகியூரி கதிரியக்கம். உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்த அளவு இன்னும் குறைவு, சுமார் 2.7.

பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியத்திலிருந்து ரேடான் பிறக்கிறது. நிறமோ மணமோ இல்லாத இந்த வாயுவின் அரை ஆயுள் 3.8 நாள். மண்ணிலிருந்து கிளம்பி அடித்தளத்தின் விரிசல் வழியே வீட்டுக்குள் நுழைய அது போதும். குளிர்காலத்தில் வீட்டின் வெப்பக்காற்று மேலெழும்போது, கீழே அழுத்தம் குறைந்து மண்ணின் காற்றை உள்ளே இழுக்கிறது. ரேடான் சிதைந்து உண்டாகும் பொலோனியம் நுரையீரலில் படிந்து ஆல்ஃபா துகள்களை வெளிவிடுகிறது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய் மரணங்களுக்கு ரேடானைக் காரணமாகச் சொல்கிறது முகமை. வாழ்நாள் முழுக்க 4 பைக்கோகியூரி அளவுள்ள காற்றைச் சுவாசிப்போரில், புகைப்பவர்கள் ஆயிரத்துக்கு 62 பேரும் ஒருபோதும் புகைக்காதவர்கள் 7 பேரும் இந்நோய்க்கு ஆளாகலாம் என்பது அதன் கணக்கு.

இந்த ஆபத்தை நாடறியச் செய்ததே இம்மாநிலம்தான். 1984 டிசம்பரில் லிமெரிக் அணுமின் நிலையத்தின் பொறியாளர் ஸ்டான்லி வாட்ராஸ், வேலைக்கு வரும்போதே கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவியை ஒலிக்க வைத்தார். நிலையமோ அப்போது மின் உற்பத்தியையே தொடங்கியிருக்கவில்லை. கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து வந்தது. ரெடிங் பிராங் எனப்படும் யுரேனியம் செறிந்த பாறைத்தொடரின் மேல் நின்ற அந்த வீட்டில் அளவு ஏறத்தாழ 2,700 பைக்கோகியூரி.

அண்டை வீட்டின் அளவை வைத்து இந்த வீட்டின் அளவைச் சொல்ல முடியாது. மண்ணின் தன்மை, விரிசல், காற்றோட்டம் எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். அளப்பது ஒன்றே வழி. அது கடினமும் அல்ல. வீட்டில் ஆள் புழங்கும் மிகக் கீழ்த்தளத்தில் கரித்தூள் டப்பாவைச் சில நாள் வைத்து, சன்னல்களை மூடி, பிறகு ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். பருவத்துக்குப் பருவம் அளவு ஏறியிறங்குவதால், மூன்று மாதத்துக்கு மேல் வைக்கும் ஆல்ஃபா தடக் கருவி உண்மையான சராசரிக்கு நெருக்கமாக வரும்.

சட்டம் இங்கேதான் தடுமாறுகிறது. வீட்டை விற்பவர் ரேடான் பற்றித் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். அளக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆக, அளந்தவர் மாட்டிக்கொள்கிறார். அளக்காதவர் 'தெரியாது' என்று எழுதித் தப்புகிறார். விற்பனைப் பத்திரத்தோடு அண்மைய அளவுச் சான்றும் இருக்க வேண்டும் என்று விதித்தால் இந்த ஓட்டை அடைபடும். மாநிலச் சான்று பெற்ற அளவீட்டாளர்கள் ஏற்கெனவே இருப்பதால் புதிய துறை எதுவும் வேண்டியதில்லை.

அளவு மிகுந்த வீட்டைக் கைவிடவும் வேண்டாம். தளத்தைத் துளைத்துக் குழாய் பதித்து, விசிறியால் மண்ணின் வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேல் வெளியேற்றினால் அளவு பெரிதும் குறையும். வாட்ராஸ் குடும்பமும் சீரமைப்புக்குப் பின் அதே வீட்டுக்குத் திரும்பியது. அளவுச் சான்று விதி வாடகை வீடுகளுக்கும் பொருந்த வேண்டும். ஏனெனில் அங்கே குடியிருப்பவர் தளத்தைத் துளைக்க முடியாது, உரிமையாளர்தான் துளைக்க முடியும்.