விடுகதையும் சுதந்திர புத்தியும்

மதுரைக்குக் கீழ்ப்பால் உள்ள வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி மாலைதோறும் ஜனங்கள் வந்து கூடுவதை வாசகர்கள் பலர் அறிவார்கள். பல வருஷ காலம் வறண்டு கிடந்து, பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகவே ஆகிவிட்டிருந்த அக்குளம், சமீப வருஷங்களில் வைகை நீர் பெற்று நிறைந்து நிற்பது மிகவும் மகிழ்ச்சிக்குரியது. நீர் வந்தது, குளிர்ந்த காற்று வந்தது, ஜனங்களும் வந்தார்கள். முன்பெல்லாம் இத்தகைய இடங்களுக்கு அழையாமலே வந்து சேர்ந்த ஒன்றை மட்டும் இன்று காணோம். அது விடுகதை. நால்வர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் ஒரு புதிரைப் போடுவதும், மற்ற மூவரும் அதை விடுவிக்க முடியாமல் தலையைச் சொறிவதும், தோற்றவர் மறுநாள் அதைவிடக் கடினமான ஒன்றைத் தேடிக்கொண்டு வருவதும் நம் நாட்டில் வெகு சாதாரணமாய் இருந்தன. இன்றோ நால்வர் உட்கார்ந்தால் நான்கு கைப்பேசிகள் ஒளி விடுகின்றன.

இதுவும் தலையங்கம் எழுதத் தக்க விஷயமா என்று நம் நண்பர்கள் சிலர் கேட்கக் கூடும். விலைவாசியும் வரியும் வேலையில்லாத் திண்டாட்டமும் வாசலில் நிற்க, பாட்டிமார் பேச்சுக்கு இடம் ஒதுக்குவானேன் என்பார்கள். ஒரு தேசத்து ஜனங்கள் தாங்களாகவே யோசிக்கும் வழக்கத்தை எங்கே பழகுகிறார்கள் என்பது அரசியல் விஷயமல்லவென்றால், வேறு எது அரசியல் விஷயம் என்று அவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம்.

நம் முன்னோர் இதனை அற்பமென்று கருதவில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் எழுவகை யாப்பைக் கூறுமிடத்து, பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு பிசியையும் ஒன்றாக வைத்து எண்ணினார். பிசி என்பது நாம் இன்று விடுகதை என்று சொல்லுவதுதான். அதில் இருவகை காட்டினார்: ஒரு பொருளை வேறொன்றுக்கு ஒப்பிட்டு மறைத்துச் சொல்வது ஒன்று, உள்ள அடையாளங்களை உள்ளபடியே சொல்லி, பொருளைக் கேட்பவன் துணிந்து அறியுமாறு விடுவது மற்றொன்று. இலக்கணம் வகுத்த பெரியவர், தெருவில் வழங்கிய ஒரு பொருளை நூலுக்குச் சமமான வரிசையில் உட்கார வைத்தார் என்பதை நம் பண்டிதர்கள் கவனிக்க வேண்டும். ஈழத்துத் தமிழர் இதனை நொடி என்பர். நம் தென்பாண்டிக் கிராமங்களில் அழிப்பான்கதை என்றும் வழங்கும்.

உதாரணத்துக்கு நாமே ஒன்று போடுகிறோம். அரசனுடைய அரண்மனைக்குத் தன் உடலைக் கொடுத்துவிட்டுப் பள்ளமாகக் கிடந்தாள்; ஆண்டுக்கொரு நாள் சுவாமியே அவள் மடியில் வந்து மிதக்கிறார்; அவள் யார்? வண்டியூர்ச் சிறுவன் இதைக் கேட்ட மாத்திரத்தில் கை நீட்டிக் காட்டிவிடுவான். திருமலை நாயக்கர் மஹாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே இத்தெப்பக்குளம் ஆயிற்றென்பது ஊரார் வழக்கு. மண் வெட்டும்போது அகப்பட்டவரே மீனாக்ஷியம்மன் கோயிலில் உள்ள முக்குறுணிப் பிள்ளையார் என்பதும் அவ்வழக்கின் பகுதி. ஏறத்தாழ 1,000 அடி நீளமும் 950 அடி அகலமுமுள்ள இக்குளம் 1645-ஆம் ஆண்டில் வெட்டப்பட்டதாகச் சொல்வர். தைப்பூசத்தன்று அம்மனும் சுவாமியும் இதில் தெப்பம் ஏறுகிறார்கள். சென்னையில் பெரிய வக்கீலாய் விளங்குபவருக்கு இந்த விடுகதை ஒருகால் தெரியாமற் போகலாம். பட்டம் பெற்றவர் விழிக்க, பசு மேய்ப்பவன் சிரித்துக்கொண்டே விடை சொல்லும் இந்தச் சபையில் ஜாதிக்கும் பணத்துக்கும் உத்தியோகத்துக்கும் நாற்காலி கிடையாது. கண்ணைத் திறந்து ஊரைப் பார்த்தவன் யாரோ அவனே பெரியவன்.

இனி, யுக்தியால் மட்டும் விடுவிக்க வேண்டிய புதிர்கள் உண்டு. ஒருவனிடம் ஒரு புலியும் ஓர் ஆடும் ஒரு புல்லுக்கட்டும் இருக்கின்றன. அவன் ஆற்றைக் கடக்க வேண்டும். பரிசலில் தன்னோடு ஒன்றைத்தான் ஏற்றிச் செல்ல முடியும். அவன் இல்லாவிடில் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். (வைகையில் பரிசல் விடத் தண்ணீர் எங்கே என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் விடையில்லை, அது பொதுப்பணி இலாகாவைக் கேட்க வேண்டிய புதிர்.) இது நம் ஊர்ச் சொத்து மட்டுமன்று. ஐரோப்பாவில் சார்லமேன் சக்கரவர்த்தியின் சபையிலிருந்த ஆல்குயின் என்ற ஆசிரியர் பெயரால் வழங்கும் ஒரு பழைய லத்தீன் தொகுப்பில், சுமார் 1,200 வருஷங்களுக்கு முன்பே, ஓநாயும் ஆடும் முட்டைக்கோஸுமாக இதே புதிர் எழுதப்பட்டிருக்கிறது. இளைஞர்களின் புத்தியைக் கூராக்குவதற்கென்றே அத்தொகுப்புக்குப் பெயரிட்டிருந்தார்கள்.

இதை இளைஞர் கூட்டத்தில் போட்டுப் பாருங்கள். முதலில் ஆட்டைக் கொண்டுபோக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்து எதைக் கொண்டுபோனாலும் அக்கரையில் ஒன்று மற்றொன்றைத் தின்னும். அங்கே எல்லோரும் நின்றுவிடுவார்கள். அக்கரை சேர்த்த ஆட்டையே திரும்ப இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. கொண்டு சேர்த்ததைத் திரும்ப எடுப்பது தோல்வி என்று நம் மனம் எண்ணிவிடுகிறது. அந்த எண்ணத்தை விட்டவன் ஏழே நடையில் மூன்றையும் பத்திரமாகக் கரை சேர்ப்பான். முன்வைத்த காலைப் பின்வைக்கலாகாது என்று மேடையில் முழங்கும் நம் ஊழியர்கள் இந்தப் பரிசற்காரனிடம் சிறிது நேரம் உட்கார்ந்தால் நல்லது.

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்திலும் இத்தகைய விளையாட்டுக் கணக்குகள் நிரம்பியிருக்கின்றன. பலாப்பழத்தைப் பிளக்காமலே அதில் எத்தனை சுளை என்று சொல்ல அதில் ஒரு வழி உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 100 முள் இருந்தால் 120 சுளை. இது எல்லாப் பழத்துக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்! நால்வர் பந்தயம் கட்டி, ஒருவர் முள் எண்ண, ஒருவர் அறுக்க, எல்லோருமாகச் சுளையை எண்ணிப் பார்த்தால் நூலாசிரியர் கூற்றைச் சோதித்ததும் ஆயிற்று. கணக்குப் பொய்த்தாலும் பழம் கையில் இருக்கிறது. நூலில் எழுதியிருப்பதைப் பழத்தில் எண்ணிப் பார்க்கும் இந்தச் சுபாவமே விஞ்ஞானத்தின் தொடக்கமென்பது நமது அபிப்பிராயம்.

புதிர் விஷயத்தில் மதுரைக்குத் தனி உரிமையே உண்டு. பாண்டியன் மனத்தில் எழுந்த சந்தேகத்தைத் தீர்க்கும் செய்யுளுக்கு ஆயிரம் பொன் என்று கிழி கட்டித் தொங்கவிட்ட திருவிளையாடற் கதையை அறியாதவர் யார்? பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்பது அரசனுடைய ஐயம். ஏழைத் தருமி இறைவனிடம் பாட்டைப் பெற்றுச் சபைக்கு வந்தான். பொருளில் குற்றம் உண்டென்றார் நக்கீரர். எதிரில் நிற்பவன் கடவுள் என்று தெரிந்த பின்னும் தம் கருத்தைக் கைவிடாத நக்கீரரின் துணிவை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். அது தகும். ஆனால் நமக்கு இன்று அதிகமாய்ப் பயன்படக் கூடியவன் தருமி. நக்கீரர் ஒரு கேள்வி கேட்டவுடன் அவன் வாயடைத்து நின்றான். ஏன்? விடை அவன் கையில் இருந்தது. விடைக்குப் போன வழி அவனிடம் இல்லை. கொடுத்தவர் கடவுளே ஆனாலும் இரவல் விடை சபையில் ஒரு கேள்விக்குத் தாங்கவில்லை.

இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தருமிகளாக வளர்கிறார்கள் என்பதை எண்ணும்போது நமக்குக் கவலை உண்டாகிறது. பரீட்சைக்கு வினா-விடைப் புத்தகம்; வீட்டுக் கணக்குக்குக் கைப்பேசி; இப்போது கேட்டதற்கெல்லாம் நொடியில் கட்டுரையாகவே விடை எழுதித்தரும் யந்திரமும் வந்துவிட்டது. விடைகள் மலிந்தது குற்றமென்று நாம் சொல்லவில்லை. மருத்துவரைத் தேடும் ஏழைக்கும் சட்டம் அறியாத குடியானவனுக்கும் விடை விரைவில் கிடைப்பது நன்மையே. ஆனால் ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஓர் இரவு புரளும் பழக்கம் போய்விட்டால், பிறகு எவர் எந்த விடையைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் ஜனங்களே மிஞ்சுவார்கள். அத்தகைய ஜனங்களை ஆள்வது வெகு சுலபம்.

காத்திருப்பதன் அருமையை அறிய ஸ்ரீநிவாஸ ராமானுஜனைப் பார்ப்போம். வி. ராமஸ்வாமி ஐயர் 1907-இல் தொடங்கிய இந்தியக் கணித சங்கத்தின் பத்திரிகையில், ஒருவர் கணக்குப் போட மற்றவர்கள் விடுவிக்கும் பகுதி ஒன்று நடந்து வந்தது. தூரத்து நண்பர்கள் தபாலில் ஆடிய விடுகதை என்றே அதைச் சொல்லலாம். 1911-இல் ராமானுஜன் அதில் ஒரு வர்க்கமூலத்துக்குள் மற்றொரு வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையை எழுதி, அதன் மதிப்பு என்னவென்று கேட்டார். ஆறு மாதம் வரை விடை வரவில்லை. அவரே விடையைக் கொடுத்தார். விடை வெறும் 3. அந்த மூன்றை மட்டும் முதல் நாளே அச்சிட்டிருந்தால் அதனால் யாருக்கு என்ன லாபம்?

அவர் கேம்பிரிட்ஜில் இருந்தபோது நடந்ததும் நம் விஷயத்துக்கு நேராகவே பொருந்துகிறது. 1914 டிசம்பர். ராமானுஜன் தம் அறையில் அடுப்பருகே காய்கறி கிளறிக்கொண்டிருக்கிறார். நண்பர் பிரசாந்த சந்திர மஹலநோபிஸ், பின்னாளில், 1931-இல், இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர், 'ஸ்டிராண்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் கண்ட ஒரு புதிரை வாசித்துக் காட்டுகிறார். பெல்ஜியத்தில் ஜெர்மன் சேனை தீயிட்ட லூவேன் நகரத்தைப் பற்றிய பேச்சில் பிறந்த புதிர் அது. ஒரு நீண்ட தெருவில் ஒரே வரிசையில் 1, 2, 3 என்று வீடுகளுக்கு எண் இட்டிருக்கிறது; ஒருவனுடைய வீட்டுக்கு ஒரு பக்கத்திலுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் மறுபக்கத்திலுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம்; வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள்; அவன் வீட்டு எண் என்ன? மஹலநோபிஸ் எண்களை வைத்துப் பார்த்தே சில நிமிஷங்களில் விடை கண்டிருந்தார். ராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே எழுதிக்கொள்ளச் சொல்லி, ஒரு தொடர்பின்னத்தைக் கூறினார். அதில் அந்த ஒரு தெருவுக்கு மட்டுமன்று, அத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் விடை அடங்கியிருந்தது. ஒரு நண்பன் வாய்விட்டுக் கேட்டிராவிட்டால் அந்தக் கோவை அந்த மாலையில் பிறந்திராது.

இக்காலத்தில் புதிருக்குப் பஞ்சமில்லையே, பத்திரிகைதோறும் சுடோகு வருகிறதே என்று சிலர் சொல்லலாம். ஜப்பானியப் பெயர் தாங்கிய அந்தக் கட்டக்கணக்கு 1979-இல் அமெரிக்காவில் அச்சாகி, 1984-இல் ஜப்பான் சென்று, 2004-இல் லண்டன் 'டைம்ஸ்' வழியாக உலகமெங்கும் பரவியது. அந்நியப் பொருளென்று அதை நாம் வெறுக்கவில்லை. நல்ல கணக்கு எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வரட்டும். ஆனால் அதை ஒருவர் ரயில் ஜன்னலோரம் தனியே நிரப்பிவிட்டு மடித்து வைத்துவிடுகிறார். பக்கத்தில் இருப்பவர் முகத்தைக்கூட அவர் பார்ப்பதில்லை. விடுகதைக்கு எதிரில் ஒரு முகம் வேண்டும். கேட்டவன் பிடிகொடுக்காமல் சிரிக்க வேண்டும். தவறான விடைக்கும் ஒரு நியாயம் சொல்ல இடம் வேண்டும். சில வேளை அந்தத் தவறான விடையே சரியான விடையைவிட அழகாய் அமைந்து, சபை முழுதும் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்.

அரசியல் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. 1947-இல் அந்நிய ஆட்சி நீங்கியது. அதன் பின் நம் பொதுக்கூட்டங்களில் நடப்பதென்ன? ஒலிபெருக்கி பேசுகிறது, ஆயிரம் பேர் கேட்கிறார்கள். நடுவில் ஒருவன் எழுந்து ஒரு கேள்வி கேட்டால் தொண்டர்களே அவன் தோளை அழுத்தி உட்கார வைத்துவிடுகிறார்கள். கேட்பவனுக்கு மரியாதை உள்ள சபை விடுகதைச் சபை ஒன்றுதான் போலும்! அங்கே பத்து வயதுப் பெண் குழந்தை தாத்தாவைக் கேள்வி கேட்கிறாள். தாத்தா தமக்குத் தெரியவில்லையென்று ஒப்புக்கொள்கிறார். நம் தலைவர்களில் எத்தனை பேர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறோம்?

வைகைக் கரை ஊர்களில் வாசகசாலைகளும் படிப்பகங்களும் இளைஞர் சங்கங்களும் நடத்துவோர் வாரத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். செலவு ஒன்றுமில்லை. நாற்று நட்டும் களத்தில் காவல் இருந்தும் முதிர்ந்த பாட்டிமாரையும் பெரியவர்களையும் முதலில் அழையுங்கள். இவ்விஷயத்தில் பேராசிரியர்கள் அவர்களே. அவர்கள் சொல்வதை எழுதிவைப்பது நல்லது. ஆனால் விடையையும் பக்கத்திலேயே அச்சிட்டுப் புத்தகம் போட்டுவிட்டால் பாதி ஜீவன் போய்விடும். போட்ட புதிருக்கு அன்றைக்கே விடை சொல்லக் கூடாதென்றும், விடை சொன்னவர் எப்படிக் கண்டார் என்பதையும் சபைக்கு விளக்க வேண்டும் என்றும் ஏற்படுத்துங்கள். கைப்பேசிகளை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரலாம்.

முதல் மாலைக்கு அந்த லூவேன் தெருவையே வைத்துக்கொள்ளலாம். எட்டு வீடுள்ள தெருவானால் 6-ஆம் எண் வீடு. ஒரு பக்கம் கூட்டினாலும் 15, மறுபக்கம் கூட்டினாலும் 15. 49 வீடுகளானால் 35-ஆம் எண். அதற்கு அடுத்த தெருவே மஹலநோபிஸ் கேட்டது. அதன் விடையை நாம் நாளையும் அச்சிடப் போவதில்லை.