மில்லைப் பழிக்குமுன் களத்தைப் பாருங்கள்

சாமை, வரகு பயிரிடும் விவசாயிகள் நாலு பேர் கூடினால் ஒரு குறை தவறாமல் காதில் விழுகிறது. "மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொட்டினோம். அரிசி பாதிதான் தேறியது. மீதியெல்லாம் நொய்யும் தவிடுமாகப் போய்விட்டது. மில்காரர் ஏமாற்றுகிறார்" என்பதே அது. சில இடங்களில் இது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நஷ்டத்தில் பெரும்பகுதி மில் வாசலை மிதிப்பதற்கு முன்பே, நம்முடைய களத்திலேயே ஏற்பட்டுவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாமையில் ஏறத்தாழக் கால் பங்கு உமி. வரகில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உமிதான். அதுவும் கெட்டியாக, அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். எனவே 100 கிலோ வரகைக் கொடுத்துவிட்டு 80 கிலோ அரிசியை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். உமி போவது இயற்கை. வரவேண்டிய அரிசி நொய்யாகப் போவதுதான் நஷ்டம்.

இது ஏன் ஏற்படுகிறது? சிறுதானிய யந்திரங்களில் பல, மணியை வேகமாக வீசி மோதவைத்து உமியை உடைப்பவை. மணியில் ஈரம் இருந்தால் உமி தோல்போல் இழுத்துக்கொண்டு உடையாமல் நிற்கும். மில்காரர் இரண்டாம் முறை, மூன்றாம் முறை விடுவார். அப்போது முதல் முறையிலேயே உமி நீங்கிய அரிசியும் சேர்ந்து அடிபட்டு நொறுங்கும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலோ, உமியோடு அரிசியும் உடையும். ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதம் இருப்பதே அரைவைக்கு ஏற்ற பக்குவம்.

உரலில் குத்திய காலத்தில் நம் வீட்டுப் பாட்டிமார் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார்கள். 'கடுக்' என்று சத்தம் கேட்டால்தான் உலக்கையை எடுப்பார்கள். உலக்கை போய் யந்திரம் வந்ததும், கடித்துப் பார்க்கும் வழக்கமும் போய்விட்டது. இன்னொரு சோதனையும் உண்டு. ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் தானியத்தையும் நன்கு உலர்ந்த தூள் உப்பையும் போட்டு மூடி, இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். சற்று நேரம் கழித்துப் பாருங்கள். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று அர்த்தம். அந்தத் தானியத்தை மில்லுக்கும் கொண்டுபோகக் கூடாது. மூட்டையும் கட்டக் கூடாது. ஒட்டாவிட்டாலும் கடித்துப் பார்த்துக்கொள்வது நலம்.

அடுத்தது மணியின் பருமன். முற்றிய கதிரையும் முற்றாத கதிரையும் ஒன்றாக அறுத்து, நாட்டு ரகத்தையும் புது ரகத்தையும் ஒரே குவியலில் கொட்டுகிறோம். சின்ன மணிக்கு உமி நீங்கும்படி வேகத்தைக் கூட்டினால் பெரிய மணி நொறுங்கும். பெரிய மணிக்கு ஏற்றபடி குறைத்தால் சின்ன மணி உமியோடு அரிசியில் கலந்துவிடும். எந்த மில்காரராலும் இரண்டுக்கும் ஒரே சமயத்தில் நியாயம் செய்ய முடியாது. பதரைத் தூற்றி, இரண்டு கண் அளவுள்ள சல்லடையில் சலித்து, பெரியது சிறியது எனத் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு போனால் பாதி வியாஜ்யம் தீர்ந்தது.

தார் ரோட்டில் கதிரைப் போட்டு வண்டிகளை ஏற்றிச் சூடடிப்பதையும் விடவேண்டும். சக்கரத்தில் நசுங்கிய மணி யந்திரத்தில் முழுசாக வராது. மணியின் அளவே உள்ள கல்லைச் சல்லடையும் பிரிக்காது.

பூஞ்சை பிடித்த வரகை மட்டும் மில் சரிசெய்துவிடும் என்று நம்பவே வேண்டாம். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தில் பாந்தவ்கர் காட்டுப் பகுதியில் வரகைத் தின்ற 10 யானைகள் மாண்டன. பரிசோதனையில் சைக்ளோபியாசோனிக் அமிலம் என்னும் பூஞ்சை நச்சு காணப்பட்டது. மழையில் நனைந்து நிறம் மாறிய வரகை வீட்டுக்கும் வைக்கக் கூடாது. விலைக்கும் விற்கக் கூடாது.

"இவ்வளவும் செய்ய எங்களுக்கு நேரமேது? அறுத்த கையோடு பணம் வேண்டுமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காயவைத்துச் சலித்த மூட்டைக்கும், ஈரமும் மண்ணுமான மூட்டைக்கும் வியாபாரி ஒரே விலை சொன்னால் யார்தான் சிரமப்படுவார்கள்? குற்றம் விவசாயியிடம் மட்டும் இல்லை. தரத்துக்குத் தக்க விலை கிடைத்தால்தான் தரம் வரும்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. யந்திரம் வாங்க மானியமும் தரப்படுகிறது. நல்லதுதான். ஆனால் யந்திரத்துக்கு முன்னால் ஊருக்கு ஒரு சிமெண்டுக் களம், நாலு தார்ப்பாய், ஒரு சலிக்கும் கருவி, ஒரு ஈரமானி ஆகியவை வேண்டும். இவற்றின் செலவு யந்திரத்தின் செலவோடு ஒப்பிட்டால் பெரிதல்ல. இவை இல்லாத ஊரில் எவ்வளவு உயர்ந்த யந்திரம் வைத்தாலும் அது நொய் அரைக்கும் யந்திரமாகவே இருக்கும்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பத்து விவசாயிகள் சேர்ந்தால் சல்லடையும் தார்ப்பாயும் வாங்கிவிடலாம். ஒரே ரகத்தை விதைத்து, ஒன்றாகக் காயவைத்து, ஒரே தரத்தில் மில்லுக்குக் கொண்டுபோகலாம். அப்படிக் கொண்டுபோகிறவர் மில்காரரிடம் தைரியமாகக் கணக்குக் கேட்கலாம். ஈர மூட்டையை இறக்குகிறவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?