ஊட்டும் கையும் ஆட்டும் கையும்

ஊரில் இளைஞர் நால்வர் கூடிச் சிறுவர்க்குப் பறையோ சிலம்பமோ கூத்தோ பயிற்றலாம் என்று எண்ணத் தொடங்கினால், அவ்வெண்ணம் முதிரும் முன்னரே அவர்முன் வந்து நிற்கும் வினா ஒன்றுதான்: பணத்திற்கு என் செய்வது? இவ்வினா தவறன்று. பறைக்குத் தோல் வாங்கவும், கூத்தணிகளுக்குக் கட்டை செதுக்கவும், ஆசானுக்குச் சோறிடவும் பணம் வேண்டும். ஆனால், அதன் உடன்பிறப்பாகிய மற்றொரு வினாவை அங்கு எவரும் எழுப்புவதில்லை. பணம் தருபவனுக்கு அப்பயிற்சியின்மேல் எவ்வளவு உரிமை? பணத்தைக் கையாள்பவனைக் கணக்குக் கேட்பவர் யார்? கேட்டும் திருந்தானாயின் அவனை விலக்குபவர் யார்? முன்னதற்கு விடை கண்டு பின்னதற்கு விடை காணாமற் போனால், நன்கு ஓடிய பயிற்சிக்கூடமும் ஒரு நாள் வேறொருவர் உடைமையாகி நிற்கும்.

இவ்விரு வினாக்களும் எத்துணை நெருங்கியவை என்பதை அறிய விரும்புவோர் தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள வெனிசுவேலா நாட்டைப் பார்த்தல் வேண்டும். 1975-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தலைநகராகிய கரக்காசில், உந்து நிறுத்தும் கொட்டகை ஒன்றில், பதினோர் இளைஞரைக் கூட்டிப் பல்லியக் குழு ஒன்றைத் தொடங்கினார் ஓசே அந்தோனியோ அபுரேயு என்பவர். இசைஞர், பொருளியல் கற்றவர், நாடாளுமன்றத்திலும் அமர்ந்தவர். அவ்விதை முளைத்துப் படர்ந்து, நாடெங்கும் நானூற்றுக்கு மேற்பட்ட பயிற்சி நடுவங்களாகக் கிளைத்தது. 'எல் சிசுத்தேமா' என்று உலகம் அதனை அறியும். பிள்ளைகள் கட்டணம் செலுத்துவதில்லை. இசைக்கருவியும் கடனாகவே கையில் தரப்படும். வயலினைத் தொட்டும் பார்த்திராத குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கே கற்றுத் தேர்ந்தனர். குசுத்தாவோ துதாமெல் என்னும் இசைநடத்துநர் அங்கே வளர்ந்தவர். 2009-இல் அமெரிக்காவின் இலாசு ஏஞ்சலிசு நகரப் பல்லியக் குழுவுக்கு இசைத்தலைவரானார்.

இத்துணைப் பெரிய பணிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அரசிடமிருந்து. 1979-இலேயே அதற்கென அரசு அறக்கட்டளை ஒன்று அமைக்கப்பட்டது. அபுரேயுவின் கூர்மையை இவ்விடத்தில் பாராட்டாமல் இருத்தலாகாது. கலைக்கென ஒதுக்கப்படும் தொகை எந்த நாட்டிலும் சிறிது. அச்சிறிதுக்கும் போட்டியிடுவோர் பலர். ஆகலின், 'இது கலைப்பணி அன்று. ஏழை இளைஞரைத் தெருவிலிருந்து மீட்கும் குமுகப்பணி' என்று சொல்லி, இளைஞர் நலம், குடும்ப நலம் ஆகிய துறைகளின் கதவுகளைத் தட்டினார் அவர். கதவுகள் திறந்தன. நாட்டின் நிலத்தடியில் கன்னெய் ஊறிக்கொண்டிருந்தது, கருவூலமும் ஊறியது. ஆட்சிகள் மாறின, வலச்சாரியர் போயினர், 1999-இல் இடச்சாரியராகிய சாவேசு வந்தார். வந்த ஒவ்வோர் ஆட்சியும் இப்பணியைத் தன் பணியென்று தோளில் தூக்கிக் கொண்டது. தூக்கியவர் எவரும் கீழிறக்க மறந்தனர் என்பதே பின்னை நிகழ்ச்சிகளின் சுருக்கம். 2011-இல் அது குடியரசுத் தலைவர் அலுவலகத்தின் கீழேயே வைக்கப்பட்டது.

அரசின் பணத்தோடு வெளிக்கடனும் வந்தது. அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வைப்பகம் 2007-இல் 15 கோடி தாலர் கடனாகத் தர ஒப்புக்கொண்டது. ஏழைப் பிள்ளைகளை வன்முறையினின்று இசை மீட்கிறது என்பதே அக்கடனுக்குச் சொல்லப்பட்ட நெறி. அவ்வைப்பகமே பின்னர் ஓர் ஆய்வும் செய்வித்தது. 16 நடுவங்களில் 6 முதல் 14 அகவை வரையுள்ள 2,914 பிள்ளைகளைக் குலுக்கல் முறையால் இரு பிரிவாக்கி, முதலில் சேர்ந்தோரையும் ஓராண்டு பின்னர்ச் சேர்ந்தோரையும் ஒப்பிட்டனர். பிள்ளைகளின் தன்னடக்கம் ஓரளவு வளர்ந்திருந்தது. மற்றவற்றில் பெரிய மாற்றம் காணப்படவில்லை. அதனினும் குத்தலான உண்மையொன்றும் அதில் வெளிப்பட்டது. அந்நடுவங்கள் இருந்த மாநிலங்களில் வறியோர் 46.5 விழுக்காடு, நடுவங்களில் சேர வந்த பிள்ளைகளிலோ வறியோர் 16.7 விழுக்காடே. ஏழையின் பெயரைச் சொல்லிப் பெற்ற பணத்தின் பெரும்பகுதி, ஏழையல்லாதான் பிள்ளைக்குச் சென்றிருக்கிறது. எவரும் திருடினர் என்பதன்று. நாள்தோறும் மாலையில் பிள்ளையைக் கொணர்ந்து விடவும் அழைத்துச் செல்லவும் ஓய்வுள்ள பெற்றோர் எவரோ, அவர் பிள்ளையே எந்த இலவயக் கூடத்திலும் முன்வந்து நிற்கும். பணி தொடங்கி முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2012-இல் தொடங்கிய ஆய்வினால் இதனை அறிந்தனர். ஆண்டுதோறும் சேரும் பிள்ளைகள் எத்தெருவினர் என்று ஒரு சுவடியில் எழுதிப் பொதுக்குழுவில் படித்துக் காட்டியிருந்தால், அயல்நாட்டு அறிஞர் வந்து அளந்து சொல்லும் வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

பிறகு 2017 வந்தது. கன்னெய் விலை வீழ்ந்து, நாடு பசியில் உழன்று, தெருக்களில் கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டு மே திங்களில், அப்பயிற்சியில் வளர்ந்த இளம் இசைஞன் ஒருவன் கிளர்ச்சிக் களத்தில் கொல்லப்பட்டான். அதுவரை அரசைப் பற்றி வாய் திறவாத துதாமெல், அடக்குமுறையை நிறுத்துமாறு வெளிப்படையாகக் கேட்டார். சூலையில் செய்தித்தாளிலும் எழுதினார். ஆகத்தில், அவர் நடத்தவிருந்த நாட்டின் இளைஞர் பல்லியக் குழுவின் அமெரிக்கச் செலவு நீக்கப்பட்டது. அன்று ஆட்சியிலிருந்த மதுரோ அவரைத் தொலைக்காட்சியில் எள்ளினார். பல திங்கள் பயின்ற பிள்ளைகள் கருவியைப் பெட்டியில் வைத்து வீடு திரும்பினர். பேசியவர் ஒருவர், ஒறுக்கப்பட்டோர் பிள்ளைகள். அபுரேயுவோ அதற்கு அடுத்த ஆண்டு, 2018 மார்ச்சில் மறைந்தார். நாற்பத்து மூன்று ஆண்டு அப்பணிக்கு முகமாகவும் குரலாகவும் இருந்தவர் அவர் ஒருவரே.

அரசுப் பணமே தீது என்று இதனால் கொள்ளுதல் பிழை. வரிப்பணம் மக்கள் பணம். அதிற் பங்கு கேட்பது இரத்தல் அன்று, உரிமை. தமிழ்நாட்டரசின் கலை பண்பாட்டுத் துறை மாவட்டந்தோறும் நடத்தும் சிறுவர் மன்றங்கள், 5 முதல் 16 அகவை வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆடலும் பாடலும் ஓவியமும் கற்பிக்கின்றன. அங்கே பறையும் கூத்தும் இன்னும் மிகுதியாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்று கேட்பதும், கேட்டுப் பெறுவதும் முறையே. கேடு விளைந்தது அரசு பணம் தந்ததால் அன்று. அரசு ஒன்றே தந்ததாலும், தந்த அதுவே ஆண்டதாலும்.

தமிழ்நாட்டுப் பட்டறிவிற்கு வருவோம் எனின், காஞ்சிக்கு அருகில் ஒரு சிற்றூர் உண்டு. கூத்துக் கலைஞர் சிலர் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். அவருள் முன்னின்றவர் இராசகோபால். (தெருக்கூத்து என்று பிறர் இட்ட பெயரை விடுத்து, கட்டையணி பூண்டு ஆடுவோர் தம் கலைக்குக் கட்டைக்கூத்து என்னும் பெயரையே அவர்கள் நிலைநிறுத்தினர். பெயர் வைக்கும் உரிமையும் கலைஞனுடைய உரிமைகளில் ஒன்றே.) 2002-இல் புஞ்சரசந்தாங்கலில் அவர்கள் தொடங்கிய குருகுலத்தில் பிள்ளைகள் தங்கிப் பள்ளிப் பாடமும் கூத்தும் ஒருங்கே கற்றனர். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகளும் முடி தரித்து விடிய விடிய ஆடினர். கலைஞர் தாமே கழகம் அமைத்துத் தாமே ஆண்டார்கள் என்பது அதன் தனிச்சிறப்பு. ஆயினும் 2020-இல் அக்குருகுலம் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள்! கோடிகளைச் சிலைக்கும் வளைவுக்கும் செலவிட்ட நாட்டில், உண்டு உறங்கிக் கூத்துக் கற்கும் ஒரு கூடத்திற்கு அதற்குமேல் அகவை வாய்க்கவில்லை.

தங்கிப் பயிலும் கூடம் என்றாலே நாள்தோறும் உலை வைத்தாக வேண்டும். கொடையோ ஆண்டுக்கொருமுறை வருவது, வாராமலும் போவது. அயல்நாட்டுக் கொடையை நம்பியிருந்தோர்க்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் 2020-ஆம் ஆண்டுத் திருத்தமும் வழியைக் குறுக்கின. பணம் புதுதில்லியிலுள்ள குறிப்பிட்ட ஒரு வைப்பகக் கிளையின் வழியேதான் வந்து சேரல் வேண்டும். அதில் ஆட்சிச் செலவு 50 விழுக்காடு வரை இருக்கலாம் என்றிருந்தது 20 ஆகக் குறைந்தது. ஒரு கழகம் பெற்றதை மற்றொரு கழகத்திற்குப் பகிர்ந்தளித்தலும் தடையாயிற்று. குழுமங்களின் கொடையோ, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெரிய குழுமங்கள் தம் ஆதாயத்தில் 2 விழுக்காட்டைப் பொதுநலத்திற்குச் செலவிட வேண்டும் என்பதால் வருவது. மரபுக்கலை வளர்ப்பும் அதற்குரிய இனங்களில் ஒன்றாகச் சட்டத்திலேயே உள்ளது. கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால், குழுமத்தின் விழா மேடையில் கால்மணி நேரம் ஆடிக்காட்டப் பிள்ளைகளை அனுப்புவதே நன்றிக்கடன் என்றாகிவிட்டால், எட்டு மணிநேரக் கூத்து கால்மணிக் கூத்தாகச் சுருங்குவதற்கு நெடுநாள் ஆகாது.

தமிழர்க்கு இதில் பழைய வழி ஒன்று உண்டு. விருதுநகர் வணிகர்கள் விற்ற பண்டத்திற்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுப்பணத்தில் சேர்த்தனர். பெண்டிர் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தனர். அவ்வாறு திரண்டதைக் கொண்டு 1889-இல் எழுந்தது சத்திரிய வித்தியாசாலை. காமராசர் பயின்ற பள்ளி அது. பெயர் வடமொழியாயினும் பிடியரிசி தமிழ் அரிசியே. சாதியெல்லைக்குள் திரட்டப்பட்டது என்னும் குறை அதற்குண்டு. அக்குறையை நீக்கிவிட்டு முறையைக் கொள்வதில் தடையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திங்களுக்கு 100 உருபா தர 200 குடும்பங்கள் இசைந்தால் திங்களுக்கு 20,000, ஆண்டுக்கு 2,40,000. கிழமைக்கு மூன்று மாலை நாற்பது பிள்ளைகளுக்குப் பறையும் சிலம்பமும் பயிற்ற இரண்டு ஆசான்களை வைத்துக்கொள்ளவும், ஆண்டுக்கொருமுறை கருவி செப்பனிடவும் சிற்றூரில் இது போதும். தொகை பெரிதன்று. ஆனால், இருநூற்றுவரில் ஒருவர் சினந்து நின்றுவிட்டால் குறைவது 100 உருபா மட்டுமே. இரண்டு இலக்கம் தரும் ஒருவர் சினந்து நின்றுவிட்டாலோ, மறுநாள் மாலை பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவர். தேர்தல் வரும் ஆண்டில் எந்தக் கட்சி மேடையில் பிள்ளைகள் பறை அடிக்க வேண்டும் என்று அவ்வொருவர் சொல்லும்போது மறுக்கும் வாயும் எவர்க்கும் இராது.

பணம் பல கையினின்று வந்தாலும், அது சேரும் பெட்டியின் திறவுகோல் ஒருவர் இடுப்பில் தொங்குமானால் பயனில்லை. தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இதற்குப் போதிய இடம் தருகிறது. எழுவர் கூடினால் பதிவு செய்யலாம். ஆட்சிக்குழுவில் மூவர்க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அவர்தம் பொறுப்புக் காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். கணக்கைப் பதிவாளரிடம் தரல் வேண்டும். சட்டம் கேட்பது இவ்வளவே. இதனைக் கழகத்தார் பலர் சுமையாகக் கருதி, கணக்கரிடம் கையெழுத்திட்ட வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வருகின்றனர். தனித்தமிழ்ப் பற்றாளர் நடத்தும் கழகங்களும் இதற்கு விலக்கல்ல என்பது வருந்தத்தக்கது. நிறுவியவரே சாகும்வரை தலைவர், அவர் மைத்துனரே பொருளாளர் என்றிருக்கும் கழகங்கள் இன்னும் பல உள. தலைவர் நல்லவர் என்பது அதற்கு விடையாகாது. அபுரேயுவும் ஆற்றல் மிக்கவரே.

ஆசானை ஆட்சிக்குழுவில் வைப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஊதியம் பெறுபவர் தம் ஊதியத்தைத் தாமே முடிவு செய்தல் முறையன்று. ஆயினும் எதனைக் கற்பிப்பது, எந்த மேடையில் ஏறுவது, எதில் ஏறாதிருப்பது என்பவற்றில் அவர் சொல்லே முந்தி நிற்றல் வேண்டும். பணம் பற்றிய கூட்டத்தில் அவர் எழுந்து வெளியே செல்லட்டும். கலை பற்றிய கூட்டத்தில் கொடையாளர் வெளியே செல்லட்டும். பெற்றோர் இருவரும், பயின்று முடித்த இளைஞர் இருவரும் குழுவில் இருப்பின், சேரும் பிள்ளைகள் எத்தெருவிலிருந்து வருகிறார்கள், எத்தெருவிலிருந்து வரவில்லை என்பது எவரும் ஆய்வு செய்யாமலே அவர்க்குத் தெரியும்.

எஞ்சியிருப்பது கருவிகள் பற்றிய செய்தி. கழகம் கலையும்போது பெரும்பாலும் பூசல் எழுவது பணத்தைப் பற்றியன்று. பறையும் முகவீணையும் முடிக்கட்டைகளும் யாருடையவை என்பது பற்றியே. வாங்கும் நாளிலேயே ஒவ்வொன்றையும் கழகத்தின் பெயரில் பொருட்சுவடியில் எழுதி எண்ணிட்டு வைத்தல் வேண்டும். திங்கள்தோறும் வரவும் செலவும் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே தாளில் எழுதி, பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாய்மார் நிற்கும் வாயிற்சுவரில் ஒட்டிவைத்தல் வேண்டும். அச்சுவரருகே நின்று, 'சென்ற திங்கள் விளக்கெண்ணெய்க்கு இவ்வளவா?' என்று ஒருத்தி கேட்பாளாயின், பொருளாளர் அன்று மாலையே அவளுக்கு விடை சொல்லட்டும்.