எழுந்து நடக்கும் வலு: முதியோர் உடல்நலம் குறித்து எங்கள் நிலைப்பாடு

திருக்கழுக்குன்றத்தில் வயதை ஆண்டுக் கணக்கில் மட்டும் சொல்வதில்லை. "போன சித்திரைக்கு மலை ஏறினேன், இந்தச் சித்திரைக்குத் தாழக்கோயிலோடு சரி" என்று ஒருவர் சொன்னால் கேட்பவருக்கு மீதி புரிந்துவிடும். மேலே வேதகிரீஸ்வரரைப் பார்க்க ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். கீழே பக்தவத்சலேஸ்வரர் இருக்கிறார். ஏற முடியாதவர்கள் கீழேயே கும்பிட்டுத் திரும்புகிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு தாழக்கோயிலுக்கும் வர முடியாமல், அதற்கடுத்த ஆண்டு வீட்டு வாசற்படியும் தாண்ட முடியாமல் அவர் முடங்கிப்போனால், "வயசாச்சு" என்ற ஒரு சொல்லோடு ஊர் விட்டுவிடுகிறது. எங்கள் சங்கம் அப்படி விட்டுவிடத் தயாராக இல்லை.

செங்கல்பட்டு நகரிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கரை வரை வாழும் மூத்தோரின் சங்கம் இது. முதுமையில் முதலில் காக்க வேண்டியவை கால்களின் வலுவும் உடம்பின் சமநிலையும் என்பதே எங்கள் நிலைப்பாடு. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளப்பது போலவே இவற்றையும் அளக்க வேண்டும். குறைந்திருந்தால் பயிற்சி கொடுத்து மீட்கவும் வேண்டும். இது முதியவரின் மனவுறுதியை மட்டும் நம்பி விடக்கூடிய காரியம் அல்ல. அரசுக்கும் உள்ளாட்சிக்கும் வீட்டாருக்கும் இதில் கடமை உண்டு.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. அதை மனதார வரவேற்கிறோம். நாற்பது வயதுக்காரர்கள் அதில் நடக்கட்டும். நடக்க முடிந்த எழுபது வயதுக்காரர்களும் நடக்கட்டும். ஆனால் நாற்காலியின் கைப்பிடியைப் பிடிக்காமல் எழ முடியாதவருக்கு 8 கிலோமீட்டர் என்பது அவரை விலக்கிவைக்கும் கணக்கு. நடை மட்டும் போதும் என்ற எண்ணமும் தவறு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது. கூடவே, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி கலந்த இயக்கமும் வேண்டும் என்கிறது. நம் ஊரில் முதல் பாதி மட்டும்தான் மருத்துவர் வாயிலிருந்து வருகிறது: "தினமும் வாக்கிங் போங்க." இரண்டாம் பாதியைச் சொல்வோர் குறைவு.

இங்கே எங்களுக்கு அடிக்கடி வரும் மறுப்பு ஒன்று உண்டு. "வாழ்நாள் பூரா உழைச்ச உடம்புக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சிற்பிகள், மீன் விற்ற பெண்கள், வயலில் குனிந்து நாற்று நட்டவர்கள். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லுக்கு எதிரே தரையில் அமர்ந்து, ஒரு கையில் உளியும் மறு கையில் சுத்தியலுமாக நாளெல்லாம் தட்டும் வேலை அது. தோளும் மணிக்கட்டும் இறுகும். மடக்கியே வைத்த முழங்கால் தேயும். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லைச் செதுக்கியவரின் முழங்காலைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. மீன் கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக நடந்த அம்மாக்களின் கால் ஒரு காலத்தில் இரும்பாக இருந்தது உண்மை. கூடையை இறக்கிவைத்த நாளிலிருந்து அந்த வலு கரையத் தொடங்குகிறது. வேலை நின்றதும் தசை போய்விடும், தேய்ந்த மூட்டு மட்டும் மிஞ்சும். உழைத்த உடம்புக்குத்தான் முதுமையில் பயிற்சி கூடுதலாகத் தேவை என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

தசை குறைந்தவர் முதலில் விழுகிறார். உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் மூத்தோரே அதிகம். ஈரமான குளியலறை, தேய்ந்த ரப்பர் செருப்பு, கண்புரை, இரத்த அழுத்த மாத்திரை போட்டபின் சட்டென்று எழும்போது வரும் கிறக்கம் என்று காரணங்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கை. படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் மிச்சமிருக்கும் தசையைத் தின்கிறது.

பிள்ளைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும், வருத்தத்தோடுதான் சொல்கிறோம். "நீ உக்காரும்மா, நான் எடுத்துட்டு வரேன்" என்கிற உங்கள் அன்பு எங்களுக்குத் தெரியும். அந்த அன்பே எங்களை நாற்காலியில் கட்டிப்போடுகிறது. தண்ணீர்ச் செம்பை நாங்களே போய் எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்திக் கொடுங்கள். தட்டில் சோற்றைக் குறைத்து முட்டையோ, சுண்டலோ, நெத்திலியோ கூடுதலாக வையுங்கள். புரதம் இல்லாமல் தசை வளராது.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி. 1978-லேயே டாக்டர் வ.செ. நடராசன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அதற்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 2024 பிப்ரவரியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது. ஆனால் மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டிலிருந்து ஒரு பாட்டி கிண்டிக்குப் போய்ச் சமநிலைப் பயிற்சி கற்றுக்கொள்ள முடியாது. அவர் வீட்டுக்கு வருவது 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மருந்தும் வருகிறது, இயன்முறை சிகிச்சையும் வருகிறது. எங்கள் முதல் கோரிக்கை அதற்குத்தான். வீட்டுக்கு வரும் பணியாளர் அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்தபின், முப்பது நொடியில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பதையும் எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். செலவு எதுவும் இல்லை. எண்ணிக்கை குறைந்தவரை இயன்முறை சிகிச்சையாளர் பார்க்கட்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விழுந்து எழுந்தவர்களுக்கென வாரம் ஒரு நாள் தனிச் சிகிச்சை நேரமும், ஒவ்வோர் ஊராட்சியிலும் வாரம் இரண்டு காலை, வெயில் ஏறுமுன், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்யும் பயிற்சி வகுப்பும் வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல் உள்ளவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரிடம் கேட்டபிறகே சேர வேண்டும்.

அடுத்தது தரை. 2019 அக்டோபரில் இந்திய, சீனத் தலைவர்கள் இங்கே சந்தித்தபோதும், 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும் மாமல்லபுரத்துச் சாலைகள் எவ்வளவு விரைவில் சீரடைந்தன என்பதைக் கண்ணால் பார்த்தோம். செய்ய முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. மேடுபள்ளம் இல்லாத நடைபாதை, இருநூறு அடிக்கு ஒரு பெஞ்சு, நிழல், திறந்திருக்கும் கழிப்பறை ஆகியவை இருந்தால் முதியவர் வெளியே வருவார். கழிப்பறை இல்லை என்பதற்காகவே காலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் பெண்கள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள்.

பேருந்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பெரிய காரியம். ஆனால் முதல் படியின் உயரம் அப்படியே இருக்கிறது. சென்னையில் 2024-ல் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், செங்கல்பட்டு–மாமல்லபுரம் வழியிலும் போதிய அளவில் ஓட வேண்டும். கிளாம்பாக்கம் முனையம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதன் உள்ளேயே நடக்க வேண்டிய தூரம் முதியவரைக் களைக்க வைக்கிறது. அங்கே மின்கல வண்டிகள் எந்நேரமும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-ல் அது பதினெட்டைத் தொடும் என்பது அரசின் மதிப்பீடு. இன்று ஐம்பத்தைந்தில் இருப்பவர்களும் அந்தக் கணக்கில் வருகிறார்கள்.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவரை, சுவரை ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் உட்கார வையுங்கள். நீங்கள் அருகிலேயே நின்றுகொள்ளுங்கள். கைகளை மார்பின் குறுக்கே வைத்து எழச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அடுத்த முறை வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் அதைச் சொல்லுங்கள். பயிற்சி கிடைக்கும் வரை விடாமல் கேளுங்கள்.