சுட்டவன் மீதா குற்றம்? திருகாணியைப் பாருங்கள்!

குறி பார்த்துச் சுடுகிறான் சிப்பாய். குண்டு இலக்கில் படவில்லை. உடனே என்ன சொல்கிறார்கள்? "அவன் கை நடுங்கிவிட்டது" என்கிறார்கள். பல சமயம் இது அநியாயமான பேச்சு.

துப்பாக்கி முழுவதும் ஒரே இரும்பு அல்ல. குழலும், தோட்டா வெடிக்கும் இரும்புப் பகுதியும் சேர்ந்தது ஒன்று. அதைத் தாங்கும் கட்டை வேறு. பல ரைபிள்களில் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை இரண்டே இரண்டு திருகாணிகள்தான். குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறான்!

அமெரிக்காவின் 'மரைன்' படை 1966-ல் எம்-40 என்ற ரைபிளை எடுத்துக்கொண்டது. தொலைவில் மறைந்திருந்து சுடுகிறவர்களுக்கான ரைபிள் அது. அதன் கட்டை மரம். அது வியட்நாம் போருக்குப் போயிற்று. அங்கே காடு, மழை, புழுக்கம். மழைக் காலத்தில் வீட்டுக் கதவு உப்பி, மூட முடியாமல் போகிறதல்லவா? அதே கதைதான். மரம் ஈரத்தைக் குடித்தது. உப்பியது. வளைந்தது. குழலைப் போய் நெருக்கியது. நேற்று குண்டு பட்ட இடம் ஒன்று, இன்று படுகிற இடம் வேறு! ஒரே குண்டை நம்பி எதிரியின் முன்னால் கிடந்தவன் கதி என்ன? 1970-க்குப் பிந்திய ஆண்டுகளில் அந்த மரக் கட்டையைத் தள்ளிவிட்டு, கண்ணாடி இழைக் கட்டையை மாட்டினார்கள்.

கணக்கைப் பாருங்கள். குழலின் நீளம் 60 சென்டிமீட்டர். அதன் வாய் ஒரு காகிதத்தின் கனம் மட்டும் விலகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும்!

கட்டையை மாற்றினால் மட்டும் போதுமா? போதாது. திருகாணி தளர்ந்திருந்தால், ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு கட்டைக்குள் நகரும். குண்டுகள் சிதறும். அதற்காகப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினாலும் ஆபத்து. மரம் நசுங்கும். உட்காரும் இடம் கோணலாக இருந்தால் இரும்பே வளையும்.

அமெரிக்கத் தரைப்படை 1988-ல் எடுத்துக்கொண்ட எம்-24 ரைபிளுக்கு, இந்த இறுக்கம் 65 அங்குல-பவுண்டு என்று அளவு வைத்தார்கள். ஓர் அடி நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் இரண்டரை கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் இறுக்கம் அது. அளவு காட்டும் சாவியால்தான் முறுக்க வேண்டும். "கைக்கு வந்தபடி இறுக்கிக்கொள்" என்று விடவில்லை. இதுதான் சரியான முறை. ஆனால் அதே எண்ணை எல்லா ரைபிளுக்கும் போடக்கூடாது. உள்ளே உலோகத் தாங்கி இல்லாத வெறும் மரம் அதைத் தாங்காது.

சுடுகிறவனின் உடம்புக்கும் கட்டை பொருந்த வேண்டும். கட்டை நீளமாக இருந்தால் தோளில் சரியாக அமராது. கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் பதியாவிட்டால் கண் விலகும், குறியும் விலகும்.

இவற்றையெல்லாம் பார்க்காமல், புதுக் குழலுக்குப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு. வீண் செலவு! சோதனைக்குக் காசு வேண்டாம். முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குழலும் கட்டையின் நுனியும் சேருமிடத்தில் விரலை வைத்து, முன் திருகாணியை மெல்லத் தளர்த்த வேண்டும். விரலுக்குக் கீழே குழல் அசைந்தால், கட்டைக்குள் இரும்பு உட்காரும் இடம் சரியில்லை. முதல் பழுது பார்க்க வேண்டிய இடம் அதுவே.