பதாகையை யார் பக்கம் திருப்புவது?

மருத்துவக் கல்லூரிகளில் தனியாக ஒரு நாட்காட்டி உண்டு. மார்ச் 24 காசநோய் நாள், செப்டம்பர் 10 தற்கொலைத் தடுப்பு நாள், அக்டோபர் 15 கை கழுவும் நாள், டிசம்பர் 1 எய்ட்ஸ் நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரணி. வெள்ளைக் கோட்டு, தொப்பி, கையில் பதாகை. யாராவது ஒரு அதிகாரி கொடியசைப்பார். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி, ஆளுக்கொரு மோர் பாக்கெட் குடித்துவிட்டு, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவோம். மாலைக்குள் படம் இன்ஸ்டாவில் ஏறிவிடும். கீழே 'குளோபல் ஹெல்த்', 'சோஷியல் ஜஸ்டிஸ்' என்று இரண்டு ஹேஷ்டேக்.

இதைக் கிண்டலடிப்பது சுலபம். அதற்காக இதை எழுதவில்லை. திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போய், வெளியூர் அரசுக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு படிக்கிற எனக்கு இருப்பது ஒரே கேள்வி: அந்தப் பதாகை யாரைப் பார்த்துப் பேசுகிறது?

'சத்தான உணவு உண்பீர்', 'தற்கொலை தீர்வல்ல', 'தண்ணீர் நிறைய குடியுங்கள்'. எல்லாம் ஏழையைப் பார்த்துத்தான். அவர்களுக்குத் தெரியாததால்தான் நோய் வருகிறது, நாம் போய்ச் சொன்னால் சரியாகிவிடும் என்கிற நினைப்பு அதற்குள் இருக்கிறது. விழிப்புணர்வு என்ற சொல்லே தூங்குகிறவர்களை எழுப்புவது மாதிரிதான். விடியுமுன் எழுந்து நாற்றுப் பறிக்கப் போகிறவர்களை எட்டரை மணிக்குக் கிளம்பும் பேரணியா எழுப்பப் போகிறது?

காசநோயையே எடுத்துக்கொள்வோம். ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. காசநோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு என்று உணவுப்பை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது சோறு. அதை யாரிடம் கேட்க வேண்டும்? பட்ஜெட் போடுகிறவர்களிடம், கூலி கொடுக்கிறவர்களிடம். நம் பதாகை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தற்கொலைத் தடுப்பும் அப்படித்தான். டெல்டாவின் எந்த அரசு மருத்துவமனையிலும் பூச்சிமருந்து கேஸ் பார்க்காத ஹவுஸ் சர்ஜன் இருக்க முடியாது. பக்கத்தில் இலங்கை அதிக நஞ்சுள்ள பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 1995 வாக்கில் உச்சத்தில் இருந்த அந்த நாட்டின் தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. உலகப் பொதுச் சுகாதார வரலாற்றில் பெரிய வெற்றிகளில் ஒன்று அது. அந்த மக்களுக்கு வாழ்க்கையின் அருமையை யாரோ புதிதாகப் புரியவைத்ததால் வந்ததல்ல. எந்த டப்பா கடைக்கு வரலாம், எது வரக்கூடாது என்று அரசு முடிவெடுத்தது. நாமோ பிழைத்துக் கட்டிலில் கிடப்பவரிடம் 'ஏம்மா இப்படிப் பண்ண?' என்று கேட்டுவிட்டு நகர்கிறோம். இந்த டப்பா ஏன் இன்னும் விற்பனையில் இருக்கிறது என்று யாரிடமும் கேட்பதில்லை.

எங்கள் ஊருக்கு வருகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் திருவாரூர்ப் பக்கம் கோடைப் பருத்தி. ஜூனில் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு. இரண்டிலும் வெயிலில் குனிந்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களிடம் போய்த் 'தண்ணீர் நிறைய குடியுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் சொன்ன பதில் இது: "தண்ணி குடிச்சா ஒதுங்கணும்ல தம்பி. சுத்தி வயலு, ஆம்பளைங்க வேற. எங்க போயி ஒதுங்குறது?" அதனால் அவர்கள் குடிப்பதில்லை. சாயங்காலம் இடுப்புவலிக்கு மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். நீர் வற்றிய உடம்பில் வலி மாத்திரை சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பது நமக்கு இரண்டாம் ஆண்டு மருந்தியல் பாடம்.

இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவை. ஆந்திராவில் உத்தானம். மத்திய அமெரிக்காவில் நிகரகுவாவின் கரும்புத் தோட்டங்கள். இங்கெல்லாம் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாத உழைப்பாளிகளுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. காரணம் என்ன என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. வெயிலில் கடும் உழைப்பும் நீரிழப்பும் முக்கியமான சந்தேக நபர்கள். நிகரகுவாவின் தொழிலாளிகள் 2008-ல் உலக வங்கிக் குழுமத்தின் புகார் அமைப்பு வரை போனார்கள். ஆய்வுகள் வந்தன. பிறகு நிழல், தண்ணீர், கட்டாய ஓய்வு மூன்றையும் வேலை விதியாகக் கொண்டுவந்த இடத்தில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது பதிவாகியிருக்கிறது. நிழல், தண்ணீர், ஓய்வு: இம்மூன்றையும் கொடுக்க வேண்டியவர் வேலை வாங்குகிறவர். வேலை செய்கிறவருக்கு அட்வைஸ் பண்ணி இது நடக்காது.

'உலக ஆரோக்கியம்' என்றால் ஜெனிவா மாநாடு, சான்றிதழ், வெளிநாட்டு எலெக்டிவ் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறைய. சிச்சிகல்பா கரும்புக்காட்டில் நடந்ததும் எங்கள் ஊர்ப் பருத்திக்காட்டில் நடப்பதும் ஒன்றா என்று கேட்கிற படிப்புதான் உலக ஆரோக்கியம். அதற்கு விசா தேவையில்லை, டவுன் பஸ் போதும்.

"படிக்கிற பசங்களுக்கு எதுக்கு அரசியல்?" இதைப் பேராசிரியர்கள் சொல்வார்கள், வீட்டிலும் சொல்வார்கள். இன்டர்னல் மார்க், வருகைப் பதிவு, பிஜி கனவு என்று பயப்படக் காரணங்களும் இருக்கின்றன. ஆனால் கொள்ளிடத்தைத் தாண்டினால் சிதம்பரம். அங்கே ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 2020 டிசம்பரிலிருந்து 50 நாட்களுக்கு மேல் உட்கார்ந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு 2013-லேயே எடுத்துக்கொண்டது; ஆனாலும் எம்பிபிஎஸ் கட்டணம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல். மற்ற அரசுக் கல்லூரிகளில் பதின்மூவாயிரம் சொச்சம். கொரோனா வார்டில் டூட்டியும் பார்த்துக்கொண்டு போராடினார்கள். விடுதியைக் காலி செய்யச் சொன்னபோதும் நகரவில்லை. 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறையின் கீழ் வந்தது, கட்டணமும் இறங்கியது. அவர்கள் பதாகை பொதுமக்களுக்குப் புத்தி சொல்லவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவரைப் பார்த்து நின்றது. அதனால் கையெழுத்து விழுந்தது.

நமக்குப் போராடத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ மாணவர்கள் 'சமூக நீதி' என்று சொன்னால் அது பெரும்பாலும் சீட்டைப் பற்றியது: நீட், இடஒதுக்கீடு, கட்டணம், உதவித்தொகை. எல்லாமே நியாயம். 2017-ல் அனிதாவை இழந்தோம். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதனால்தான் நடவு நடுகிறவர்களின் பிள்ளைகள் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். ஆனால் அந்த நீதி கல்லூரி வாசலோடு நின்றுவிட்டால் என்ன ஆகும்? உள்ளே வந்த மாணவியின் கையில் 'தண்ணீர் நிறைய குடியுங்கள்' பதாகையைக் கொடுத்துத் தெருவில் நிறுத்துவோம். எதிரே நின்று அதைப் படிப்பவர் அவளுடைய அம்மா.

அடுத்தவருக்காகப் போராடி ஜெயிக்க முடியுமா? 2001-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முடிந்தது. ஸ்டாவுடின் என்ற எய்ட்ஸ் மருந்தின் காப்புரிமை அந்தப் பல்கலைக்கழகத்துடையது. விற்ற கம்பெனி பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்க்விப். தென்னாப்பிரிக்காவில் விலை கட்டுப்படியாகாமல் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கடிதம் எழுதியது. சட்ட மாணவர்களும் மற்ற துறை மாணவர்களும் தங்கள் நிர்வாகத்தைத்தான் முதலில் நெருக்கினார்கள். மருந்தை உருவாக்கிய பேராசிரியர் வில்லியம் புருசாஃப்பே அவர்கள் பக்கம் பேசினார். அந்த மார்ச்சிலேயே கம்பெனி இறங்கிவந்து, தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்த மாட்டோம் என்றது. இதனால் ஒரு மாணவருக்கும் கட்டணம் குறையவில்லை. ஆனால் யாரிடம் சாவி இருக்கிறது என்று கண்டுபிடித்து அந்தக் கதவைத் தட்டினார்கள்.

இதெல்லாம் எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவுகட்டியது. 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு டாக்டரும் அவற்றைச் சுகாதாரத் திட்டம் என்று எழுதியதில்லை. ஆனால் அடி வாங்காத முதுகும் கூடுதலாகக் கிடைத்த நெல்லும் எத்தனை உயிரைக் காத்திருக்கும்? அதைச் செய்தவர்கள் செங்கொடிச் சங்கத்தைச் சேர்ந்த விவசாயத் தொழிலாளிகள். நாம் போய் எழுப்ப வேண்டியவர்கள் என்று நினைக்கிற ஜனம் இதுதான்.

அப்படியென்றால் நாம் எதற்கு? நம் கையில் பேனா இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆனால் வயலில் சுருண்டு விழுந்தவரின் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று மட்டும் எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. அரசின் கணக்கிலும் அப்படி ஒரு சாவு இல்லை. எத்தனை மணிக்கு விழுந்தார், என்ன வேலை, உடம்புச் சூடு எவ்வளவு என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுவது ஹவுஸ் சர்ஜனால் முடிகிற காரியம். 'தொழில்: கூலி' என்று ஒரே சொல்லில் முடிக்காமல், எந்த வயல், எத்தனை மணி நேரம், குடிக்கத் தண்ணீர் உண்டா, ஒதுங்க இடம் உண்டா என்று நான்கு வரி சேர்க்கலாம். ஒரு கோடை முழுக்க ஒரு வார்டில் இதைச் செய்தால் அது யாரும் மறுக்க முடியாத ஆவணம்.

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். விவசாயத் தொழிலாளிகள் அங்கே மனுவோடு வரிசையில் நிற்பது பல வருட வழக்கம். உச்சிவெயில் நேரத்தில் வேலை கூடாது, வயலோரம் நிழலும் தண்ணீரும் கழிப்பிடமும் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் கோரிக்கை. நம் வார்டுக் கணக்கு கூடவே போனால் அது சாட்சியம். அடுத்த உலக சுகாதார நாள் ஏப்ரல் 7. பருத்திக்காட்டில் வெயில் ஏறத் தொடங்கும் நேரம். அந்த வாரத்துத் திங்கட்கிழமை, பேரணிக்கு ஒதுக்குகிற மூன்று மணி நேரத்தை எடுத்துக்கொண்டு அந்த வரிசையில் போய் நிற்போம். முன்னால் அல்ல, அவர்களுக்குப் பின்னால்.